மூன்று நிறுத்தத்துக்கு முன்பே இறங்குகிறாள்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே தாங்களும் மாமாவும் நல்லபடியாக இருக்கிறீர்களா, மாமாவின் இருமல் குறைந்ததா, தங்கள் இடது காதுக்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து ஏதாவது வேலை செய்ததா என்று அறிய ஆவல். தங்களுக்குப் போனில் சரியாகக் கேட்பதில்லை. கேட்கிற அளவுக்கு நான் கத்தினால், கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் நம் குடும்ப விஷயத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். ‘தாங்கள்’ என்று எழுதுவது மேலதிகாரிக்கு லீவு லெட்டர் எழுதுவதுபோல இருக்கிறது, ஆகவே இங்கிருந்து ‘நீ’ என்றே எழுதிக்கொண்டு போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் முக்கியமான விஷயம். போன மாதம் நான் உனக்கு ஓர் அவசரக் கடிதம் போட்டேன் அல்லவா, “உன் மருமகள் கைமீறிப் போய்விட்டாள், உடனே புறப்பட்டு வா” என்று? அதை மறந்துவிடு. அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று நீ போட்ட பதில் கிடைத்தது. பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிடு. மாமா காரணம் கேட்டால், தம்பிக்கு மூளை பிசகிவிட்டது என்று சொல். அவர் மேற்கொண்டு விசாரிக்கவே மாட்டார். ஆனால் உனக்கு மட்டும் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

பிள்ளைக்குப் பேச்சு திக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது முதலில் கவனித்தவளே நீதான். அதற்கு மருந்து கண்டுபிடித்தவன் நான் என்று இத்தனை வருடமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மருந்து வேறொன்றுமில்லை, அவள் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு தவித்தால் அந்த வார்த்தையை நான் சொல்லிவிடுவது. அது எனக்குக் கைவந்த கலை. குழாய்ச் சாமான் கடையில் முப்பத்தோரு வருடமாக நிற்கிறேனே, என் பிழைப்பே அதுதானே! ஒரு ஆள் வந்து நின்று, “அண்ணே, அது... இப்படி வளைஞ்சு... உள்ளுக்குள்ள ஒண்ணு சுத்துமே...” என்று காற்றில் படம் வரைய ஆரம்பிக்கும்போதே நான் சாமானை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவேன். முதலாளிகூட, “இவர் இருந்தா வர்றவங்க வாயே திறக்க வேண்டாம்” என்று பெருமையாகச் சொல்லுவார். அதே சாமர்த்தியத்தை வீட்டிலும் காட்டினேன். “அப்பா, த... த...” என்பாள். “தண்ணியா?” என்று டம்ளரை நகர்த்திவிடுவேன். அவளும் தலையாட்டிவிட்டுக் குடிப்பாள். இந்த இருபத்தாறு வருடத்தில் அவள் என் கையால் குடித்த தண்ணீரில் பாதி அவள் கேட்காததுதானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது அக்கா.

அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. பின்னறையில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டி மெஷினில் வைக்கிற வேலை. பேச்சுக்கே இடமில்லாத வேலை, இவளுக்கென்றே செய்த மாதிரி அமைந்தது என்று நினைத்துக்கொண்டேன். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுபோய் அவர்கள் வாசலிலேயே இறக்கிவிடுவேன், மாலையில் அதே வாசலில் ஏற்றிக்கொள்வேன். வழியெல்லாம் பேச்சு நான்தான். வாசலில் நிற்கிற காவலாளியிடம் “இன்னைக்கு அவளுக்குத் தலைவலி, பாத்துக்கங்க” என்று சொல்வதுகூட நான்தான். இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எங்கள் பெரிய ரோட்டில் புதிதாகப் பஸ் விட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று. நிற்க நிழற்கூரை, உட்கார பெஞ்சு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நடந்துபோக மரத்தடியில் அகலமான நடைபாதை. பஸ் வந்த மறுவாரம் ஒரு காலையில் என் டீ டம்ளருக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு. “அப்பா, நாளையிலிருந்து நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.” வாயால் சொல்லியிருந்தால் நான் அதை வேறு விதமாக முடித்துவைத்திருப்பேன். எழுத்தில் முற்றுப்புள்ளிவரை போட்டுக் கொடுத்துவிட்டாள், என்ன செய்வது?

கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் போனது. பிறகு ஆறு மணிக்கு வருகிறவள் ஆறரைக்கு வர ஆரம்பித்தாள். செருப்பில் புழுதி, நெற்றியில் வியர்வை, முகத்தில் ஒரு களை. அந்தக் களைதான் என்னைக் கலக்கியது. ஒரு நாள் வாசலிலேயே மறித்து, “ஏம்மா லேட்டு?” என்றேன். “நா... ந... ந...” என்றாள். நான் பொறுமையாகக் காத்திருந்தேன் (மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை என்று என் மனைவி சொல்கிறாள், என்னைப் பொறுத்தவரை அது நெடுநேரம்). பிறகு கேட்டுவிட்டேன், “நண்பனா?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் அக்கா. பிறகு தண்ணீருக்குத் தலையாட்டுவாளே, அதேபோல ஒரு தரம் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை கடை திறந்ததும் உனக்கு அந்தக் கடிதம் போட்டேன்.

நீ வந்து சேர்வதற்குள் அந்த நண்பன் யார், என்ன வேலை, குணம் எப்படி என்று நானே பார்த்துவிடலாம் என்று புறப்பட்டதில்தான் சங்கடமெல்லாம் ஆரம்பம். பல்வலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு சீக்கிரமே கிளம்பினேன். அவள் நிலையத்துக்கு எதிரே ஒரு விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றேன். அவள் முன்வாசலில் ஏறினாள், நான் பின்வாசலில் ஏறினேன். சுருட்டிய மெத்தையைத் தோளில் சாத்திக்கொண்டு ஒரு ஆள் நின்றார், அவருக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். பார்த்தால், எங்கள் நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்பே மகள் இறங்குகிறாள்! நான் இறங்கப் பாய்ந்தால் மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். மெத்தைக்காரர், “எங்கய்யா நுழையிறீங்க, இது மெத்தை, கதவு இல்ல” என்று சத்தம் போடுகிறார். பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் பின்னோக்கி ஓடினேன். ஓடினேன் என்று நான் எழுதுகிறேன், பார்த்தவர்கள் வேறு சொல் சொல்லக்கூடும். பாதி வழியில் அவள் எதிரே வருகிறாள், தன்னந்தனியாக! சட்டென்று பக்கத்தில் திறந்திருந்த கடைக்குள் நுழைந்துவிட்டேன். அது மருந்துக்கடை.

“என்ன சார் வேணும்?” என்றார் மருந்துக்கடைக்காரர். எனக்கு மூச்சு வாங்குகிறது, கண் தெருவில் இருக்கிறது. “அது... வந்து... எனக்கு...” என்றேன். அவர் மேசைமேல் சாய்ந்து, கடை முழுக்கக் கேட்கிற ரகசியக் குரலில், “கூச்சப்படாதீங்க சார். மூலம்தானே?” என்றார். தலையாட்டினேன். “உள்மூலமா, வெளிமூலமா?” அதற்கும் தலையாட்டினேன். “ரெண்டுமா! பாவம்” என்று ஒரு களிம்பும் ஒரு பொடியும் கட்டிக் கொடுத்து, “ஒரே இடத்துல உக்காராதீங்க, நல்லா நடங்க” என்று புத்தியும் சொல்லி அனுப்பினார். வரிசையில் நின்ற நாலு பேரும் எனக்கு மரியாதையாக வழிவிட்டார்கள். ‘அதெல்லாம் இல்லீங்க’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்? ஆனால் அதைச் சொல்லுவதைவிடத் தலையாட்டிவிட்டு வெளியே வருவது எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? அந்த நேரத்தில் எனக்கு இதற்கு மேல் ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டில் மனைவி என் சட்டைப் பையிலிருந்து களிம்பை எடுத்து, “இது எப்பத்துலேருந்து?” என்றாள். அங்கேயும் தலையாட்டிவைத்தேன். அன்றிலிருந்து என் நாற்காலியில் ஒரு மெத்தென்ற திண்டு கிடக்கிறது.

மறுநாள் உஷாராகப் பின்வாசல் படியிலேயே நின்றுகொண்டு, அவள் இறங்கியதும் நானும் இறங்கிவிட்டேன். நாற்பது அடி இடைவெளி விட்டுப் பின்னால் நடந்தேன். நூறடி போவதற்குள் செருப்பு வார் அறுந்துவிட்டது. நல்ல வேளையாக அவள் ஒரு துணிக்கடைக் கண்ணாடி முன்னால் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள் கர்ச்சீப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டேன். மறுபடி நடந்தால் இடைவெளி குறைந்துவிட்டது. அப்போதுதான் அவள் குரல் கேட்டது.

“கையை நீட்டுங்க. விரலை மடக்கிக்குங்க. பயப்படாதீங்க, ஒரு நிமிஷம்தான். அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. வலிக்காது. அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. யார் கையை யார் நீட்டுவது? போனா என்று பார்த்தால் காதில் ஒன்றும் இல்லை, கையில் சாப்பாட்டுப் பை மட்டும்தான். பக்கத்தில் ஆளும் இல்லை. பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று பயந்துபோனேன். அதற்கு அப்புறம்தான் இன்னொன்று தோன்றியது. அத்தனை வாக்கியத்தில் ஒரு இடத்தில்கூட அவளுக்குத் திக்கவில்லை அக்கா. காலடிக்கு ஒரு வார்த்தை, காலடிக்கு ஒரு வார்த்தை என்று தாளம் போட்டதுபோல வந்துகொண்டே இருந்தது. என் மகளின் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் முழுசாக ஐந்து வாக்கியம் நான் கேட்டதில்லை. கேட்க விட்டால்தானே?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இவள் துணி மடித்துக்கொண்டே, “அவளையே கேக்கறது” என்றாள்.

“கேட்டேனே, நண்பன்னு சொன்னாளே.”

“அவ சொன்னாளா, நீங்க சொன்னீங்களா?”

“நான்தான் சொன்னேன். அவ தலையாட்டினா.”

இவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள். “கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் என்னைக்காவது ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கீங்களா?” என்றாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இவள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை மருந்துக்கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. திண்டின்மேல் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அவளிடம் கேட்கத் தைரியம் வரவில்லை, பின்னால் நடப்பதைத்தான் தொடர்ந்தேன். முதல் வாரம் மூன்று நிறுத்தம், அடுத்த வாரம் நான்கு, பிறகு ஐந்து என்று அவள் நடை நீண்டுகொண்டே போனது. சொல்ல வேண்டியது அதிகம்போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் முதல் நாள் இருந்த இரைப்பு இல்லை. எந்த மரத்தடியில் நடைபாதைக் கல் தூக்கிக்கொண்டிருக்கிறது, எந்த வீட்டு நாய் குரைக்கும், எது சும்மா பார்க்கும் என்பதெல்லாம் அத்துபடி. மருந்துக்கடைக்காரர் மட்டும் தினமும் வாசலுக்கு வந்து, “இப்ப எப்படி சார் இருக்கு?” என்று எதிர்ச்சாரிவரை கேட்கும்படி விசாரிப்பார், நான் கையைக் காட்டிவிட்டுப் போவேன். இத்தனை நாளில் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாகப் போனேன். போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவன் குழாய் விற்கப் போய்விட்டேன்.

ஒரு நாள் சிக்னலில் மாட்டிக்கொண்டாள். நடந்துகொண்டிருந்தவரை நன்றாகப் போன பேச்சு, சிவப்பு விளக்கில் கால் நின்றதும் நின்றுவிட்டது. “வெ... வெ...” என்கிறாள். கண்ணை மூடிக்கொள்கிறாள். மறுபடி, “வெ...” பச்சை விழுந்தது, எல்லோரும் கடந்துபோனார்கள், இவள் போகவில்லை. நின்ற இடத்தில் நின்றபடி அதைச் சொல்லியே தீர்வது என்று நிற்கிறாள். நான் ஒரு மின்கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறேன். அதற்குள் தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடம், அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘வெறும் வயித்துல’. அவ்வளவுதான். ஒரு குரல் கொடுத்தால் போதும், பிள்ளை இந்த அவஸ்தையிலிருந்து தப்பித்துவிடும். மீதிக் கர்ச்சீப்பை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். இரண்டாவது பச்சை போனது. மூன்றாவது பச்சையும் போனது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, “பல்வலியாங்க?” என்று கேட்டாள், ஆமாம் என்று தலையாட்டினேன். அப்போது கேட்டது. “வெறும்... வயித்துல... வந்திருக்கீங்களா?” யாரும் இல்லாத ரோட்டைப் பார்த்துக் கேட்டுவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு கடந்துபோனாள். பல்வலிக்காரன் கை தட்டியதைப் பார்த்து அந்த அம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் கேட்டேன். அவள் டீயோடு எதிரில் வந்து உட்கார்ந்ததும், “தினம் லேட்டாகுதேம்மா, என்ன விஷயம்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவள், “நா... ந... ந...” என்று ஆரம்பித்து, வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தாள், நான் சொல்லுவேன் என்று. நான் சொல்லவில்லை. மேசை விரிப்பில் இருந்த கட்டங்களை எண்ணினேன். சமையலறையில் என் மனைவி குழாயை மூடிவிட்டு நிற்பது தெரிந்தது. பதினாலாவது கட்டத்தில் வந்தது அக்கா.

“நடந்து வந்தேன்பா.”

நடந்து! நண்பனும் இல்லை, நாயும் இல்லை. நடந்து வந்திருக்கிறாள், அவ்வளவுதான். இதைச் சொல்ல விடாமல்தான் நான் ஒரு ஆளை உற்பத்தி செய்து, உனக்குக் கடிதம் போட்டு, உன்னைப் பெட்டி கட்டவைத்து, எனக்கு இரண்டு மூலத்தையும் வரவழைத்துக்கொண்டேன்.

பிறகு முழுவதும் அவளே சொன்னாள். டீ ஆறி ஆடை படிந்தது, நான் தொடவில்லை. அவர்கள் பெரிய டாக்டரம்மா இவளை முன்னறைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆட்களை உட்காரவைத்து விசாரித்து ரத்தம் எடுக்கிற இடம். கை சுத்தமான கையாம், நரம்பு இவளுக்குப் போல யாருக்கும் அகப்படாதாம். ஆனால் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும். யோசித்துச் சொல் என்று ஒரு மாதம் டயம். வீட்டில் சொல்லிப் பார்க்க வெட்கம். ஒரு நாள் ஞாபகமறதியாக மூன்று நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டு நடந்தபோது, காலோடு சேர்த்துச் சொன்னால் வார்த்தை வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

“அவ்வளவு தூரம் தனியா நடக்கப் பயமா இல்லையா?” என்றேன்.

“ப... பஸ் இருக்கேப்பா. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கு. கால் வலிச்சாலோ ம... மழை வந்தாலோ அடுத்த நிறுத்தத்துல ஏறிக்கலாம். அதனால எவ்வளவு தூரம் வேணும்னாலும் நடக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தினாள். நான் கட்டம் எண்ணினேன். “உங்க ஸ்கூட்டர்ல ஏறினா வ... வீட்டு வாசல்லதான்பா இறங்க முடியும்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

இந்தத் திங்கட்கிழமை அவளுக்கு முன்னறையில் முதல் நாள். நான் சும்மா இருப்பேனா? ரத்தம் சோதிக்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல், பஸ்ஸில் போய் மூன்று நிறுத்தம் முன்பே இறங்கி, படபடப்பு அடங்க நடந்து, ஐந்தாவது ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வெள்ளைக் கோட்டோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். தெரிந்த ஆளாகவே காட்டிக்கொள்ளவில்லை. முதல் இரண்டு பேர் நல்லபடியாகப் போனார்கள். மூன்றாவது ஆள் ஆஜானுபாகு, கையில் போன், ரொம்ப அவசரம். “வெ...” என்று இவள் ஆரம்பித்ததுமே, “வெளியூரா? இல்லம்மா, இங்கதான்” என்றார். இவள் இல்லை என்று தலையசைத்தாள். “வெ... வெ...” “வெயிட்டா? எண்பத்தெட்டு.” உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அந்த ஆளை அறையலாம்போல வந்தது. அந்த ஆள் யார்? நான்தானே! இத்தனை வருடம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்த ஆள் நான்தானே! கைப்பிடியை இறுக்கிக்கொண்டு திரும்ப உட்கார்ந்தேன்.

சரி என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் அவளுக்கு வேலை முடிந்தது. அவள் ஆட்டவில்லை அக்கா. கையிலிருந்த ரப்பர் பட்டையை மேசையில் வைத்தாள். அவர் முகத்தையே நிதானமாகப் பார்த்தாள். மேசைக்கு அடியில் அவள் வலது கால் மெதுவாகத் தரையைத் தட்டியது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒன்று. இரண்டு. “வெறும்... வயித்துல... வந்திருக்கீங்களா?”

அந்த ஆள், “இல்லம்மா, வர்ற வழியில ரெண்டு பன்னு சாப்பிட்டேன்” என்றார்.

“அ... அப்ப நாளைக்கு வாங்க” என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

என் முறை வந்தது. அதே கேள்வியை என்னிடமும் முழுசாகக் கேட்டாள், நான் முழுசாகக் கேட்டுக்கொண்டேன். “ஆமாம்மா” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னாள், நான் திரும்பவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தேன் என்று என் மனைவி உனக்குத் தனியாக எழுதினால் நம்பாதே. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டேன், தரையில் படுத்திருந்தபடி.

இவ்வளவுதான் சங்கதி. ஆகவே நீ இதற்காக அலைந்துகொண்டு வர வேண்டாம். பின்னால் நடந்தது மட்டும் அவளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம், சின்ன மனசு வருத்தப்படும். விஷயம்தான் தெரிந்துவிட்டதே, இனி நிறுத்திவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். ஆனால் ஐந்து மணியானால் கால் தானாக நிறுத்தத்துக்குப் போய்விடுகிறது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வீடு வந்து சேருவது ஒரு பழக்கமாகிவிட்டது. ஸ்கூட்டர் மேல் தூசி படிந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் இருமல் அடங்கி நிம்மதியாகத் தூங்க வேண்டும், உன் காது பழையபடி கேட்க வேண்டும், என் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் எதைச் சொல்ல வந்தாலும் அதைக் கேட்க எனக்குப் பொறுமை வர வேண்டும் என்று நீ மனதார வாழ்த்து. பெரியவள் வாழ்த்தினால் பலிக்கும்.

உன் பாசமுள்ள தம்பி

பி.கு.: அத்தை, இது நான். அப்பா இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்து, என் கண்ணில் படாமல் ஒட்டித் தபாலில் போடச் சொன்னாராம். அம்மா ஒட்டாமலே என்னிடம் கொடுத்து, “படிச்சிட்டு நீயே போட்டுடு” என்றார். அப்பாவை நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். மெத்தைக்காரர் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, கீழே இறங்கிவிட்ட நானும் பார்த்தேன். மறுநாள் அவர் செருப்பைக் கட்டி முடிக்கும்வரை துணிக்கடைக் கண்ணாடியில் இருந்த ஒரு கோட் சூட்டை நான் பார்த்துக்கொண்டு நின்ற கஷ்டம் எனக்குத்தான் தெரியும். இதற்கெல்லாம் முன்பு, அவர் கடை முதலாளி அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் எங்கள் நிலையத்தில் ரத்தம் பார்க்க ஏற்பாடு செய்தபோது, அப்பாவின் குப்பிக்குச் சீட்டு ஒட்டியதும் நான்தான். சர்க்கரை எல்லை தாண்டியிருந்தது. தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததை யாரிடமும் காட்டாமல் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். இவரை எப்படி நடக்கவைப்பது என்று அம்மாவும் நானும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அவராகவே என் பின்னால் வந்து சேர்ந்தார். என் பேச்சுக்கு மூன்று நிறுத்தமே போதும் அத்தை. நான்காவதும் ஐந்தாவதும் அவருக்காக. திங்கட்கிழமை எடுத்த ரத்தத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது. நீங்கள் பெட்டியை அவிழ்க்க வேண்டாம், வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், உங்களிடம் பேச எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியும் என்பதை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாளே ஸ்கூட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அடுத்த வாரத்திலிருந்து ஆறு நிறுத்தமாக்கலாம் என்று இருக்கிறேன்.